முப்பது கிராம்

வண்ணார்பேட்டையில் பதினாறு வருஷமாக
மருந்துக் கடையில் நிற்கிறேன்.
முகம் வெளுக்க என்று
இந்த டியூப்பைக் கேட்டு வருகிற பிள்ளைகளிடம்
“ஸ்டீராய்டுட்டி இது, தோலைத் தின்னுரும்”
என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.
அத்தனை சொன்ன வாய்
நாலு வருஷம் தன் அரிப்பைச் சொல்லவில்லை.

ராத்திரி பதினொன்றுக்குத் தொடங்கும்.
காளான் களிம்பு, வேப்பிலைத் தண்ணீர்,
தேங்காய் எண்ணெய், சர்க்கரை டெஸ்ட்.
சர்க்கரை இல்லை.
வெள்ளைப்படுதா மைனி என்றாள் நாத்தனார்.
வெள்ளைதான். படவில்லை, பதிந்திருந்தது.
ஸ்கூட்டியில் ஆற்றுப் பாலம் ஏறினால்
ஒவ்வொரு இணைப்பும்
எனக்கு மட்டும் தெரியும்.

ஆறுமுகநயினார் பாயைச் சுருட்டி ஹாலுக்குப் போனார்.
நான் கோபமாக இருப்பதாக நினைத்திருக்கிறார்.
கோபம் என்றே இருக்கட்டும் என விட்டேன்.
கோபத்துக்காவது எங்கள் வீட்டில் பேர் இருந்தது.

ஹைகிரவுண்டில் டோக்கன் நாற்பத்தேழு.
“எங்கம்மா அரிக்கி?”
“கீழ.”
“கால்லயா?”
“அதுக்கு மேல.”

பிளஸ் ஒன்னில் ஒரு செய்யுளில்
அதற்கு ஒரு சொல் வந்தது. அல்குல்.
டீச்சர் ‘இடை’ என்று பொருள் சொல்லி
அவசரமாக அடுத்த வரிக்குப் போனார்.
அதன் பிறகு அந்த இடத்துக்கு
தமிழில் யாரும் வரவில்லை.

டாக்டர் பெனாசிர் திரையை இழுத்துவிட்டு
விளக்கைத் தாழ்த்தினார்.
நான் அவர் முகத்தையே பார்த்திருந்தேன்.
சுளிக்கவில்லை.
“சிகரெட் தாள் மாதிரி ஆயிருக்கு, நீங்களே பாருங்க.”
கைக்கண்ணாடி.
நாற்பத்தொன்பது வயதில் முதல் தடவை.
வெளுத்து, மினுங்கி, இடுக்கில் ஒரு கீறல்.
இதழ் ஒன்று ஒட்டிக்கொண்டு
இல்லாமலே போயிருந்தது.
“போனது வராது. இருக்கறதைக் காப்பாத்துவோம்.
யாருக்கும் தொத்தாது. உங்க தப்பும் இல்ல.”

சீட்டை வாசிக்க எனக்கு ஆள் வேண்டாம்.
க்ளோபிட்டாசால். அதே டியூப்.
“மேடம், அந்த இடத்துல போடக் கூடாதுன்னு
உள்ள இருக்க தாள்ல அச்சடிச்சிருக்குமே?”
“அந்தத் தாள் உங்களைப் பாத்து எழுதினதில்ல.”

க்ரீம் வேண்டாம், ஆயின்ட்மென்ட்.
ஆள்காட்டி விரலில், நுனியிலிருந்து முதல் ரேகை வரை.
ஒரு மாசம் தினமும் ராத்திரி,
அடுத்த மாசம் ஒருநாள் விட்டு ஒருநாள்,
அப்புறம் வாரம் இரண்டு.
முப்பது கிராம் மூன்று மாசம் வர வேண்டும்.
“பயந்து குறைச்சுப் போட்டா கேக்காது.
வருஷா வருஷம் வந்து காட்டுங்க. புண் ஆறலைன்னா உடனே.”

என் கடையிலேயே வாங்கினேன்.
பில்லில் பேர் போட்டேன், சிதம்பரவடிவு என்று முழுசாக.
பேப்பரில் சுற்றாமல் எடுத்துப்போக நினைத்தேன்.
சுற்றத்தான் செய்தேன்.
பதினாறு வருஷக் கை.

முதல் வாரம் காந்தியது.
மூன்றாம் வாரம் ஒருநாள்
நடுவில் முழிக்காமலே விடிந்துவிட்டது.
பால்காரர் மணிச்சத்தத்துக்கு
திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தேன்.

அலமாரியில் டியூப்பைப் பார்த்தவர்
“மூலமா?” என்றார்.
இல்லை என்று தொடங்கி முழுக்கச் சொன்னேன்.
மோட்டார் காயில் சுற்றுகிறவர்,
எது எங்கே கருகியது என்று கேட்டுப் பழகியவர்,
ஃபேனைப் பார்த்தபடி இருந்தார்.
நெடுநேரம் கழித்து
“அப்ப எம்மேல இல்லியா” என்றார்.
பாய் இன்னமும் சில நாள் ஹாலில் கிடக்கிறது.
சில நாள் இல்லை.

வாரம் இரண்டு என்றால் எனக்குச் செவ்வாய், வெள்ளி.
எண்ணெய் தேய்க்கிற கிழமைகள், மறக்காது.

நேற்று முன்னீர்பள்ளத்துக்காரி ஒருத்தி
அரிப்புக்குப் பவுடர் கேட்டாள்.
எங்கன என்றேன்.
“உடம்புலதான்” என்றவள்
கடைப் பையனைப் பார்த்துக் குனிந்தாள்.
பையனை டீ வாங்க அனுப்பினேன்,
தூரத்துக் கடைக்கு.


“கீழயா?” என்றேன்.